குறிப்பில் என்ன எழுதட்டும்?

– அதாவது ஜெனிட்டாம்மா, வாட்ச் கைக்கு வந்தாத்தான் பணம்னு நான் சொல்றேன். பணம் வந்தாத்தான் வாட்ச்னு நீங்க சொல்வீங்க. இப்படியே பேசிட்டிருந்தா ஒரத்தநாட்டுல நீங்களும் குத்தாலத்துல நானும் கிழடு தட்டிப் போயிடுவோம்.

– நான் அப்படிச் சொல்லலையே சார். முதல்ல வாட்ச்சை அனுப்பிடறேன்னுதான் சொன்னேன்.

– முன்பணம் இல்லாமயா?

– ஆமா சார். கொரியர்ல போட்டுட்டு ரசீதை அனுப்பறேன். பிரிச்சுப் பாத்துட்டு நிதானமா பணம் போடுங்க.

– அது தப்பும்மா. நம்ம பழைய வாட்ச் குரூப்புல யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. நான் முகம் தெரியாத ஆளு. பஞ்சநதம்னு பேரு மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். வாங்கிக்கிட்டு போனை அணைச்சுப் போட்டா என்ன பண்ணுவீங்க?

– ஒண்ணும் பண்ண மாட்டேன் சார்.

– என்னம்மா இப்படிப் பேசறீங்க! போன வருஷம் ஒருத்தன் எனக்கு வி.பி.பி.ல அனுப்பறேன்னான். தபால்காரர்கிட்ட காசைக் கட்டினாத்தானே பார்சலைப் பிரிக்க விடுவாங்க? கட்டிட்டுப் பிரிச்சா, உள்ள துணி சோப்பு. அதுவும் பாதி சோப்பு. எங்க வீட்டம்மா அமிர்தம் அதை வச்சு ரெண்டு நாள் துணி துவைச்சா.

– ம்.

– இதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க.

– சோப்பாவது வந்துச்சே சார்.

– சரி, ஜிபே நம்பர் சொல்லுங்க. பாதி முன்னாடி, பாதி பின்னாடி. என்னங்கம்மா நான் சொல்றது?

– ஜிபே வேணாம் சார்.

– அப்ப நேர்ல வச்சுக்குவோம். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஏழு வாட்ச்சையும் கொண்டாங்க. சாவி கொடுத்து, காதுல வச்சுக் கேட்டுட்டு, அங்கயே ரொக்கமா கொடுத்துடறேன். உளுந்து போட்ட காசு கையில இருக்கு.

– ரொக்கமும் வேணாம் சார். பேங்க் கணக்கு ஒண்ணு தர்றேன். அதுலதான் போடணும். ஏழுக்கும் சேர்த்து ஒரே தடவையா போடக்கூடாது. ஒரு வாட்ச், அதுக்குப் பணம். அடுத்த வாரம் அடுத்தது. அனுப்பும்போது குறிப்புன்னு ஒரு கட்டம் வரும்ல, அதுல அந்த வாட்ச்சோட மாடல் பேரை எழுதணும். பைலட்னா பைலட். ஜனதான்னா ஜனதா. இங்கிலீஷ்ல.

– அந்தக் கட்டத்துல நான் ஒண்ணும் எழுதறதே இல்லையே.

– இதுக்கு எழுதணும் சார். விலையை நீங்க சொன்னா சரி. நான் கேக்கறது இது ஒண்ணுதான். இருங்க சார்... ஆதார் ரெண்டு பக்கமுங்களா? கறுப்புதானே? நாலு ரூபா கொடுங்க... சொல்லுங்க சார்.

– கடையா வச்சிருக்கீங்க?

– ஜெராக்ஸ் கடை சார். வெட்டினரி காலேஜுக்கு எதிர்ல.

*

– ஜெனிட்டாம்மா, நான் பஞ்சநதம். பைலட் நேத்தே வந்துடுச்சு. ஒரிஜினல் டயல், ஒரு கீறல் கிடையாது. வச்சிருந்தவரு மனுஷன்! இப்ப சோதனைக்கு ஒரு ரூபா போட்டிருக்கேன். வந்துச்சான்னு போனைப் பாத்துச் சொல்லுங்க, மிச்சத்தைப் போட்டுடறேன்.

– எனக்கு மெசேஜ் வராது சார். சாயங்காலம் போய் பாஸ்புக் போட்டுப் பாத்துக்கறேன்.

– வராதா? அப்ப யாருக்கு வரும்?

– கணக்கு ரெண்டு பேர் பேருல இருக்கு. அவர் நம்பருக்குத்தான் போகும்.

– ஆமா, ஆன்டோன்னு முதல் பேரு வந்துச்சு. அவரு யாரும்மா?

– வீட்டுக்காரர்.

– வாட்ச்சும் அவரோடதுதானா?

– ஆமா சார்.

– தப்பா நினைக்காதீங்க. குரூப்புல சில சமயம் திருட்டு மாலும் வருது. அவரே ஒரு வார்த்தை என்கிட்ட பேசிட்டாருன்னா எனக்கும் நிம்மதி. என்னங்கம்மா நான் சொல்றது?

– பேசினா எனக்கும் நிம்மதிதான் சார். எட்டு வருஷமா பேசலை.

– புரியலைம்மா.

– குவைத்துல டிரைவரா இருந்தாரு. அஞ்சு வருஷம் ஒழுங்கா பணம் வந்துச்சு, ரெண்டு தடவை லீவுல வந்தாரு. வரும்போதெல்லாம் தேடித் தேடி இந்த வாட்ச்சுங்களை வாங்குவாரு. அப்புறம் ஒரு மாசம் போன் வரலை. அடுத்த மாசம் பணம் வரலை. அவ்வளவுதான் சார்.

– விசாரிக்கலையா?

– எல்லாம் விசாரிச்சாச்சு. எம்பசிக்கு எழுதினோம். ஏஜெண்ட் ஆபீஸை மூடிட்டுப் போயிட்டாரு. கூட வேலை பாத்தவர் ஒருத்தர், கம்பெனி மாறிப் போயிட்டாருன்னாரு. இன்னொருத்தர், ஆக்ஸிடெண்ட்னு கேள்விப்பட்டேன்னாரு. ரெண்டு பேருமே கண்ணால பாக்கலை.

– அட கடவுளே. அந்த நம்பருக்குப் பேசிப் பாக்க வேண்டியதுதானே?

– மணி அடிக்கும் சார். யாரும் எடுக்கறதில்லை. என் நம்பர், கடை நம்பர், மக லின்சி நம்பர், எங்க அண்ணன் நம்பர், எல்லாத்துலேருந்தும் மெசேஜ் போட்டாச்சு. அவர்தான் வச்சிருக்காரோ, வேற யார்கிட்டயாவது அந்த நம்பர் போயிடுச்சோ. அவரே வச்சிருந்தாலும், எங்க நம்பரையெல்லாம் தடுத்து வச்சிருக்கலாம்.

– ம்.

– பேங்க் மெசேஜை யாரும் தடுத்து வைக்க மாட்டாங்க சார்.

– அதுக்காகவா அந்தக் கட்டத்துல பேரை எழுதச் சொல்றீங்க?

– ஆமா. சும்மா நூறு இருநூறு போட்டும் பாத்தேன். அதுல அவருக்கு ஒண்ணும் புரியாது. பைலட்னு வந்தா, அவர் உசுரோட இருந்தா, புரியும்.

– ஜெனிட்டாம்மா, அந்தப் பணத்தை அங்கேருந்தே அவரு எடுத்துட்டாருன்னா?

– எடுத்தா நல்லது சார். எடுக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சுடும்.

– நான் உங்க பேருல தனியா போடறேன்மா. பாவம், நீங்க...

– வேணாம் சார். பைலட்டுக்கு பி, ஐ, எல், ஓ, டி. அதை மட்டும் சரியா எழுதிடுங்க.

*

– ஏம்மா, கோஹினூருக்கும் போட்டுட்டேன். ஆறாவது. ஏதாவது தெரிஞ்சுதா?

– இல்லை சார்.

– பாஸ்புக் பாத்தீங்களா? எடுத்திருக்காங்களா?

– போட்டது அப்படியே இருக்கு.

– தினம் சாப்பாடு போடும்போது அமிர்தம் கேக்கறா. அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் பேசிட்டாரான்னு. இல்லைன்னு சொன்னா சாதத்தை டக்குன்னு வச்சுட்டுப் போயிடறா, என்னமோ நான் புடிச்சு வச்சிருக்கற மாதிரி. வயல்ல சம்பா நடவு நடக்குது, ஆளுங்க கூப்பிடறாங்க, நான் வரப்புல நின்னு போனையே பாத்துட்டிருக்கேன்.

– நீங்க ஏன் சார் கஷ்டப்படறீங்க? ஏழாவதை இன்னிக்கு கொரியர்ல போடறேன்.

– அதைப் பத்திப் பேசத்தான்மா கூப்பிட்டேன். போட்டோவுல பின்பக்கத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். 'சிங்கராயர், முப்பது ஆண்டு சேவை'ன்னு வெட்டியிருக்கு. யாரும்மா அது?

– எங்க மாமனார். கூட்டுறவு சங்கத்துல வேலை பாத்தாரு. ஓய்வு பெறும்போது கொடுத்தது.

– அதை எப்படிம்மா நான் வாங்கறது? விலைக்கு வர்ற பொருளா அது? லின்சிக்குன்னு வைங்க.

– லின்சிதான் சார் எடுத்துக் கொடுத்தா. போட்டுடும்மா, முடிச்சுடுவோம்னா.

– பெரியவர் இருக்காரா?

– தவறி அஞ்சு வருஷம் ஆகுது. வீட்டுக்காரருக்கு இது தெரிஞ்சிருக்காது. இதைத் தொடக்கூடாதுன்னு அவர் லீவுல வரும்போதெல்லாம் சொல்லுவாரு. அதனாலதான் கடைசியா வச்சிருந்தேன்.

– அப்ப குறிப்புல என்னம்மா எழுதட்டும்? இந்த மாடலுக்குப் பேரு இல்லையே.

– சிங்கராயர்னு எழுதுங்க சார்.

– மாமனார் பேரையா?

– ஆமா சார். எஸ்ஸுல ஆரம்பிக்கணும்.

– நான் இதை விக்க மாட்டேன்மா. எப்ப வேணும்னாலும் கேளுங்க, அப்படியே தந்துடறேன்.

– உங்க இஷ்டம் சார்.

– உங்களுக்கு அழுகையே வராதாம்மா?

– நாலாவது வருஷத்தோட நின்னுடுச்சு சார்.

*

– ஹலோ, ஜெராக்ஸ் கடை.

– ஜெனி.

– யாருங்க?

– நான்தான். ஆன்டோ.

– ம். சொல்லுங்க.

– அப்பா வாட்ச்சை யாருக்குக் கொடுத்த?

– வித்துட்டேங்க.

– வித்துட்டியா? யாரைக் கேட்டு வித்த? அப்பா எப்படி விட்டாரு? போனை அவர்கிட்ட கொடு.

– மாமா இல்லைங்க. இறந்து அஞ்சு வருஷம் ஆகுது.

– என்ன சொல்ற?

– நெஞ்சு வலின்னாரு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. அடக்கத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டுப் பாத்தோம். நீங்க பேசுவீங்களோன்னு.

– எனக்கு யாருமே சொல்லலையே ஜெனி.

– நாலு நம்பர்லேருந்து சொன்னேன்.

– அந்த நம்பரையெல்லாம் நான்...

– தடுத்து வச்சிருந்தீங்க. அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.

– பேங்க் மெசேஜ் வந்துச்சு. பைலட்னு வந்தப்பவே பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன்.

– சரிங்க.

– பேசணும்னுதான் நினைச்சேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசறது? இங்க எனக்கு வேற குடும்பம் ஆயிப்போச்சு ஜெனி. ஒரு பையன் இருக்கான். ஆறு வயசு.

– சரிங்க.

– சரிங்கன்னா என்ன அர்த்தம்? திட்டு. காறித் துப்பு. ஏதாவது சொல்லு.

– கடையில ஆள் நிக்குதுங்க.

– நான் பணம் அனுப்பறேன். அந்தக் கணக்குலயே போடறேன். வாங்கினவன்கிட்ட பேசி அப்பா வாட்ச்சை மட்டும் திரும்ப வாங்கிடு. மத்ததெல்லாம் போகட்டும்.

– லின்சி பி.எஸ்சி. சேர்ந்திருக்கா. நீங்க கேக்கலை. நானே சொல்லிடறேன்.

– லின்சிகிட்ட ஒரு நிமிஷம்...

– அவ காலேஜுக்குப் போயிருக்கா. இருந்தாலும் தர மாட்டேங்க.

– பின்ன எதுக்குடி இதெல்லாம் பண்ணின? ஒவ்வொண்ணா வித்து, ஒவ்வொரு வாரமும் எனக்கு மெசேஜ் வர வச்சு... என்கிட்ட என்னதான் வேணும் உனக்கு?

– ஒண்ணும் வேணாங்க. நாளைக்கு கல்லறைத் திருநாள். இறந்தவங்க பேரை எழுதிக் கொடுக்கச் சொல்லி கோயில்ல தாள் கொடுத்திருக்காங்க. சாமியார் பூசையில ஒவ்வொரு பேரா வாசிப்பாரு. வருஷா வருஷம் மாமா பேரை எழுதிட்டு, அடுத்த வரியில பேனாவை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். உங்க பேரை எழுதி, ஒருவேளை நீங்க உசுரோட இருந்துட்டா, உங்களுக்கு ஏதாவது கெடுதல் வந்துடுமோன்னு பயம்.

– அதான் இருக்கேனே ஜெனி. உசுரோடதானே பேசறேன்.

– ஆமாங்க. இனிமே எனக்கு அந்தப் பயம் இல்லை. எழுதிடறேன்.