பத்து விரல்

— புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நான் அம்மா ரூமுக்குள்ளதான் இருந்தேன், மெனேஜர். அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டேன். கையில பத்து விரலும். கால நீட்டச் சொன்னதுக்கு, "ஆப்பரேஷன் பண்ணின காலு, நாளைக்கு வெட்டுவோம் கலா"ன்னாங்க. மத்த நாள் பகல் எனக்குப் போன் எடுத்து, அம்மா உசுரோட இல்லன்னு சொன்னீங்க.

— அதான் டீச்சர், எங்களுக்கும் சரியான கவலை. உக்காருங்க. டீ ஒன்னு சொல்லவா?

— நாப்பத்தொரு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க மக நான். எனக்கு நீங்க டீ காட்டாதீங்க. அம்மாவோட பேக்கைக் குடுங்க, பஸ்ஸுக்குப் போறேன்.

— பேக் ரெடி. ஒரு சின்ன ஃபோமாலிட்டி மட்டும் இருக்கு. நீங்க பதுளை சுகாதார ஆபீசுக்கு முறைப்பாடு எழுதிப் போட்டிருக்கீங்கல்ல, நாளைக்கு விசாரிக்க வாறாங்க. "எங்களுக்குக் குறை ஒன்னும் இல்ல"ன்னு இதுல ஒரு கையெழுத்து வச்சீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி.

— குறை இல்ல! நல்லா இருக்கு. இடுப்பெலும்பு ஒடைஞ்ச மனுஷிய ஆஸ்பத்திரியில சீரா வச்சுத் தச்சு அனுப்பினாங்க. எங்க லயத்து வீட்டுல கக்கூசுக்குப் பதினெட்டுப் படி எறங்கணும். அதனால மூணு கெழமை, இருபத்தொரு நாளு, இந்தப் பராமரிப்பு நிலையத்துல நடை பழகட்டும்னு திங்கக்கிழமை கொண்டாந்து விட்டேன். மூணு கெழமை எங்க, மூணு நாள்ல முடிச்சுட்டீங்க.

— டீச்சர், எங்க ஸ்டேண்டர்டு பத்தி நீங்க யாரையும் கேக்கலாம்.

— ஒங்க வாசல் போர்டையே கேக்குறேன். "இருபத்து நாலு மணி நேரமும் பயிற்சி பெற்ற தாதியர்". இருந்தது விதுஷான்னு ஒரே ஒரு பிள்ளை. பதினோரு நோயாளிக்கு ஒரு பிள்ளை. அதையும் காலையில கஞ்சி காய்ச்ச அடுப்படிக்கு அனுப்பிருவீங்க.

— ஆள் பற்றாக்குறை டீச்சர். நாடு பூரா இருக்கிற பிரச்சினை.

— ஆமா. நாடு பூரா இருக்கு, ஒங்க போர்டுல மட்டும் இல்ல. சரி, அந்தா மூலையில நிக்குதே, பிடிச்சு நடக்கிற வாக்கரு, அதுக்கு இன்னுமா பிளாஸ்டிக் உறை பிரிக்கல? அம்மா வந்த அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சு.

— அது புதுசு. பேஷண்டுங்க எடுத்தா அழுக்காயிரும். பாக்க வாறவங்களுக்குக் காட்டணும்ல.

— கொலுவுக்கு வச்சிருக்கீங்க. வாங்கும்போதே ஒரு பூமாலையும் வாங்கிப் போட்டிருக்கலாம்.

— நக்கல் வேணாம் டீச்சர். விழுந்தது அவங்களா எழும்பி. யாரும் தள்ளிவிடல.

— சேக்கும்போதே நான் சொன்னேனா இல்லையா? கீழ தோட்டத்துத் தேயிலை ஸ்டோருல காலையில ஆறு மணிக்குச் சங்கு ஊதுது. அதைக் கேட்டா அம்மா எழும்பிருவாங்க. வேலைய விட்டுப் பத்து வருஷம் ஆச்சு, இன்னும் காலையில பேரு பதியிற பெரட்டுக்குப் பிந்துனா பேரு விழாதுன்னு பயம். அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு ஆள் கட்டில் பக்கத்துல நிக்கட்டும்னேன். நீங்க எழுதிக்கூட வச்சீங்க.

— எழுதினோம். ஃபைல்ல இருக்கு.

— ஃபைல் வந்து கையைப் பிடிச்சிருக்குமா? சங்கும் விழுந்த சத்தமும் ஒன்னாத்தான் கேட்டுச்சுன்னு விதுஷா பெரகல சந்தியில நின்னு அழுதுச்சு. ஆறு மணிக்கு விழுந்து மண்டை அடிபட்டவங்களுக்கு ஒரு பெனடோல் மாத்திரையக் குடுத்துப் போர்த்திவிட்டிருக்கீங்க. எனக்குப் போன் எடுத்தது ஒரு மணிக்கு.

— பாருங்க, கோவிக்காதீங்க. எஸ்டேட் ஆளுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது. அது அவங்க பழக்கம்.

— நீங்க கொஸ்லந்த தோட்டத்து இராமையா மகன் ரஜீவ்தானே?

— அது… பழைய கதை டீச்சர்.

— டை கட்டினா பழசாயிருமா? ஒங்க அம்மாவும் சங்குக்கு எழும்பினவங்கதான். அவங்க எழும்பாம படுத்திருந்தா நீங்க இந்தக் கதிரையில உக்காந்திருக்க மாட்டீங்க.

— சரி. நல்ல விதமாப் பேசிப் பாத்தேன். இப்ப இதைப் பாருங்க. திங்கக்கிழமை, வந்த அன்னைக்கே, ஒங்க அம்மா குடுத்த கடிதம்.

— ஒங்க வாயாலயே வாசிங்க.

— "ஆள் இல்லாமல் தனியாக எழும்ப மாட்டேன். சொல்லை மீறி எழும்பி விழுந்தால் முழுப் பொறுப்பும் என்னையே சாரும். இராக்கம்மா." கீழ கைநாட்டு. இது நாளைக்கு மேசைக்கு வந்தா, பிழை அம்மா மேலதான்னு எழுதி மூடிருவாங்க. போன மனுஷி பேரை எதுக்குக் கெடுக்கணும்? நீங்க கையெழுத்து வைங்க, நான் இதைக் கிழிச்சிர்றேன்.

— அப்ப விழுந்ததும் அம்மா, செத்ததும் அம்மா, பிழையும் அம்மாவுக்கு.

— நான் சொல்லல. பேப்பர் சொல்லுது.

— குடுங்க பாப்போம். நல்ல நீல மை. ஆனா அம்மா கைநாட்டு வைக்கிறதில்லயே, மெனேஜர். அம்பது வயசுல என்கிட்ட எழுதப் பழகினவங்க. மைப்பெட்டிய நீட்டின ஆபீஸ் கிளாக்கர்கிட்ட, "அதை நீயே வச்சுக்க, பேனையத் தா"ன்னு கேட்டவங்க. ஒங்க சேர்ப்பு ஃபோர்மைப் பாருங்க. கோட்டுக்கு மேல ஏறி ஏறிப் போகும், இராக்கம்மான்னு.

— ரெண்டாவது பேப்பருக்குக் கை நடுங்கிச்சு. வயசான ஆளு. அதான் விரலை வச்சாங்க. இதெல்லாம் சகஜம்.

— எஸ்டேட் கெழவின்னா கட்டைவிரல்தானேன்னு நெனைச்சுட்டீங்க. ஃபோர்மைத் திருப்பிப் பாக்கிற அளவுக்குக்கூட அம்மாவ மதிக்கல.

— என்ன வேணுன்னாலும் சொல்லுங்க. ரேகையச் சோதிக்கட்டும். ஒங்க அம்மாவோட ரேகைதான். சத்தியமா.

— நம்புறேன். அம்மா ரேகைதான். திங்கக்கிழமை வச்சது?

— திங்கக்கிழமைதான்.

— கழுவினா போற மையா?

— லேசுல போகாது. ஸ்டாம்ப் மை. ஒரு கெழமைக்கு நிக்கும்.

— புதன்கிழமை அந்தப் பத்து விரலையும் என் மடியில வச்சு நகம் வெட்டினேன், ரஜீவ். கழுவிவிட்ட கோப்பை மாதிரி இருந்துச்சு.

— டீச்சர், அது வந்து…

— வெள்ளிக்கிழமை அம்மாவ எடுக்க முந்தி வீட்டுல வச்சுக் குளிப்பாட்டுறப்பதான் கட்டைவிரல் நீலமா இருந்துச்சு. என்னான்னு வெளங்கல. ரெண்டு தரம் சவுக்காரம் போட்டுத் தேச்சேன்.

— கொஞ்சம் கதவைச் சாத்திட்டுப் பேசுவோம்…

— போகல. அந்த நீலத்தோடதான் பொதைச்சிருக்கோம்.