வெள்ளைத் திட்டு இலைகள்

செடி வளர்ப்பவர்களுக்குப் பொறுமை அதிகம் என்பார்கள், மேடம். என் விஷயத்தில் அது உண்மைதான். விசாரிக்க வந்தபோது வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பச்சை இலையில் வெள்ளைத் திட்டுகளோடு நிற்கிறதே டிஃபன்பாக்கியா, அதுதான் என் செல்லம். வெயில் கேட்காது, அதிகம் தண்ணீர் கேட்காது.

அதன் குணம் சூரமங்கலத்தில் தங்கை வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. அவளுடைய நாய் ஓர் இலையைக் கடித்துவிட்டு, வீங்கிய வாயைத் தரையில் தேய்த்து அழுதது. "மனுசங்களுக்கும் இதே கதிதானுங்க. தொண்டை வீங்குனா மூச்சே அடைச்சுரும். நாய், கொழந்தை இருக்கற ஊட்டுல வெக்காதீங்க" என்றார் கால்நடை மருத்துவர். தங்கை செடியைத் தூக்கி எறியப் போனாள். பாவமாக இருந்தது. நான் எடுத்து வந்துவிட்டேன்.

ரஞ்சிதா என் கொழுந்தன் மோகன்குமாரின் மனைவி. நல்ல பெண், கைப்பக்குவம் உள்ளவள். அவள் வந்த பிறகு என்ன குழம்பு வைக்கலாம் என்று மாமியார் என்னைக் கேட்பதே நின்றுபோனது. பீரோ சாவியும் அவள் இடுப்புக்குப் போய்விட்டது. வயிறு எரிந்தது. ஆனால் இதற்கெல்லாம் நான் சண்டை போடுகிறவள் அல்ல.

அவளுக்குப் பிள்ளை வரம் கேட்டுக் குலசாமிக்குக் கிடா வெட்ட முடிவானது. எங்கள் பக்கம் வெட்டும் முன் கிடாவின் மேல் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் சாமிக்குச் சம்மதம். துலுக்காவிட்டால் வேண்டிக்கொண்டவர் மேல் குறை. அன்று காலை கிடாவுக்கு அகத்திக்கீரை போட்டது நான். என் செடியின் இலைகளையும் அதில் கலந்திருந்தேன்.

கோயிலில் கிடா எச்சில் ஒழுக, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பூசாரி குடத்தோடு தண்ணீரை ஊற்றியும் துலுக்கவில்லை. எல்லோரும் ரஞ்சிதாவைப் பார்த்தார்கள். அவள் குனிந்து கிடாவின் வீங்கிய வாயைத் திறந்தாள். பல்லிடுக்கில் வெள்ளைத் திட்டோடு இலைத் துணுக்கு இருந்தது.

"அத்தை, இது அக்காவோட செடிங்க. இதைத் தின்னுதான் இப்படி நிக்குதுங்க."

"அழகுக்கு வெக்கற செடிங்க அத்தை. அது என்ன பண்ணப்போவுது?" என்றேன்.

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "சாமி வேண்டாங்குது, இவ செடி மேல பழி போடறா. இவ அப்பன் ஊட்டுல கொண்டுபோய் உட்டுட்டு வாடா."

வீட்டுக்கு வந்ததும் துணிப்பையை எடுத்து வைத்தார்கள். ரஞ்சிதா அழவில்லை. "நானே தின்னு காட்டறேனுங்க. எனக்கும் வாய் வீங்குனா நம்புவீங்கல்ல?" என்றாள். கிடாவைப் பார்த்ததில் வாய் வீங்கும் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

எல்லோர் முன்னாலும் மென்று விழுங்கினாள். உதடு தடித்தது, நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினாள். "பொய் சொன்ன வாயைச் சாமி கட்டிப்போட்டுருச்சு" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மருத்துவர் சொன்னதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. மோகன்குமார் காரை எடுத்தபோது நேரம் கடந்துவிட்டது. ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

தின்றது அவளுடைய முடிவு, மேடம். என்னிடம் ஓர் இலைதான் கேட்டாள். நான் நல்ல பெரிய இலைகளாகப் பார்த்து மூன்று பறித்து, மண் போகக் கழுவித்தான் கொடுத்தேன்.