பாசார் முடிஞ்சிருச்சா?

பால்முள் கத்தரியைக் காம்போடு சமைத்தால்தான் ருசி. முள்ளுக்குப் பயந்து பலர் காம்பை நறுக்கி எறிந்துவிடுவார்கள். கோழிமுட்டை அளவு, வெள்ளைக் காய். நான்காகக் கீறி, வறுத்த கடலையும் எள்ளும் புளியும் சேர்த்து அரைத்ததை அடைத்து, சின்னத் தீயில் வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் ராதாகிருஷ்ணன், வாக்குமூலத்துக்கு இது தேவையில்லை என்று நினைப்பீர்கள். சமையலிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

என் பெயர் திருச்செல்வம். சுங்கை வே வட்டாரத்தில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரம் இந்தக் கத்தரியைப் போட்டிருந்தேன். விதை என் மனைவி லெட்சுமியின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் இருவரும் பாசாரில், அதாவது சந்தையில், விற்போம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கூடை கட்டும்போது அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ பண்ணுதுங்க" என்றாள். "பாசார் முடியட்டும், கிளினிக் போவோம்" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். அன்று காய் சீக்கிரம் தீரவில்லை. திரும்பி வந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது. நான் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரே மகள் மலர்விழியிடமும் அதையேதான் சொன்னேன். அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கி வேலை பார்த்தவள். அம்மா போன பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள்.

அடுத்த மழைக்கு வேர் அழுகிக் கத்தரிச் செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பிரதோஷத்துக்குச் சிவனுக்குப் பூ வேண்டும் என்று லெட்சுமி வைத்த ஊமத்தை மட்டும் அசையவில்லை. எல்லோரும் சுண்டைச் செடியில்தான் கத்தரியை ஒட்டுக் கட்டுவார்கள். என்னிடம் சுண்டை இல்லை. ஊமத்தையில் கட்டினேன், பிடித்துக்கொண்டது. சண்டை வந்தால் லெட்சுமி, "உங்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்பாள். இப்போது ஒட்டுப் போட்டாயிற்று என்று செடியிடம் சொல்லிச் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

ஒட்டுச் செடியின் காயை முதல் முறை சமைத்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மலர்விழிக்கு முகம் சிவந்தது. நாக்கு வறண்டது. கண்மணி பெரிதாகிச் சமையலறை வாசலையே பார்த்தாள்.

"அம்மா நிக்கிறாங்கப்பா. பாசார் முடிஞ்சிருச்சான்னு கேக்கறாங்க."

மறுநாள் அவளுக்கு எதுவும் நினைவில்லை. கிளினிக்கில் காய்ச்சல் என்றார்கள். கிள்ளானிலிருந்து வந்த என் அக்கா மாதவி, "இது காத்து சேட்டை லா, தம்பி" என்று கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனாள். சாப்பாட்டை யாரும் சந்தேகிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, ஊமத்தை வேரின் விஷம் காயில் ஏறியிருந்தது. ஊமத்தை தின்றால் புத்தி பேதலிக்கும் என்று தெரியாத தமிழன் உண்டா? ஆனால் பாசார் பேச்சு எனக்கும் லெட்சுமிக்கும் மட்டுமே தெரியும். அதை எந்த ஊமத்தை சொல்லிக்கொடுத்தது?

அடுத்த சனிக்கிழமை தெரிந்தே சமைத்தேன். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது.

"அம்மாவுக்கு அப்பா மேல கோவமான்னு கேளும்மா."

அவள் காற்றில் நூல் பிரிப்பதுபோல் விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரமும் கேட்டேன். அதற்கடுத்த வாரமும். அவள் இளைத்துப்போனாள், ஆபீஸில் கம்ப்யூட்டர் எழுத்து தெரியவில்லை என்றாள். லீவு போட்டு என்னோடு இருக்கச் சொன்னேன். கண்ணெதிரில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாமே.

கடைசியாகச் சமைத்தது சனிப் பிரதோஷத்தன்று. சாயங்காலம், கோயிலுக்குப் போகிற நேரம். மலர்விழி எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

"அம்மா கெளம்பறாங்கப்பா. பின்னாடியே வரச் சொல்றாங்க."

கேட் பூட்டியிருந்தது. அவள் பூட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். சாவி என் சட்டைப்பையில் இருந்தது, நான்தான் திறந்துவிட்டேன். தெருமுனை வரை போனால் லெட்சுமி ஒருமுறையாவது திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மகளுக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். அவள் பெரிய ரோட்டில் இறங்கியபோதும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் லெட்சுமி போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. லோரிக்காரர் மேல் தப்பில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கத்தரிக்காய் முற்றினால் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று நேற்றுச் செடியைப் பிடுங்கும்போது சொன்னீர்கள். தோட்டக்காரன் அப்படிச் சொல்லமாட்டான். முற்றிய காயை யாரும் வாங்க மாட்டார்கள், அதை விதைக்கு விடுவோம். போகட்டும். தெரிந்துதான் சமைத்தேன், தெரிந்துதான் பரிமாறினேன். மலர்விழியைக் கொன்றது நான்தான்.

மனைவியைப் பார்க்க அவ்வளவு ஆசையென்றால் நீயே தின்றிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கத்தரிக்காய் கரப்பான் பண்டம், எனக்குக் காலில் சொறி உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தட்டில் வைத்ததையும் மலர்விழிதான் எடுத்துப் போட்டுக்கொள்வாள். "நீங்க தொடாதீங்கப்பா, சொறி வந்துரும் லா" என்பாள்.

பெற்ற மகள் அவ்வளவு அக்கறையாகச் சொல்லும்போது, அதைத் தட்டுவது ஒரு நல்ல தகப்பனுக்கு அழகில்லை.