சில்லுத் தடம்

கோப்பாயில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவர் வெளிநாட்டவரைச் சைக்கிளில் ஊர் பார்க்கக் கூட்டிப் போகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"அண்ணை, நேற்று ஒரு வெள்ளைக்கார மனிசியை அவவின்ரை சைக்கிள் சில்லுத் தடத்திலை நடத்தி வெளியிலை கொண்டு வந்தனான்."

"என்னடா சொல்லுறாய்?"

"மயிலிட்டிக்குக் கிட்ட, பத்தைக் காட்டுக்குள்ளை ஒரு இடிஞ்ச தேவாலயம் இருக்கு. படம் எடுக்கவெண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு அவ உள்ளை போயிட்டா. பின்னாலை போன என்ரை காலிலை ஒரு தகரம் தட்டுப்பட்டுது. திருப்பினால், மண்டையோடு போட்ட மிதிவெடி எச்சரிக்கைப் பலகை."

மூத்தவர் முன் கம்பியை இறுகப் பிடித்தார்.

"அசையாதேங்கோ எண்டு கத்தினன். அவ விறைச்சுப் போய் நிண்டு அழுதா. மணலிலை சில்லுப் பதிஞ்ச கோடு தெரிஞ்சுது. அதிலையே கால் வைச்சுப் போய், கையைப் பிடிச்சுக் கூட்டி வந்தன். இருபது அடிதான்."

"மிதிவெடி எடுத்து முடிச்ச காணியோ?"

"ஒருத்தருக்கும் தெரியேல்லை. பலகையை எடுக்க மறந்தாங்களோ, காணியைப் பார்க்க மறந்தாங்களோ. அதைக் கேக்கத்தான் இப்ப கச்சேரிக்கு, அரசாங்க அதிபரிட்டைப் போறன்."

"சரி, தப்பியிட்டியள். விடு."

"எப்பிடி அண்ணை விடுறது? மூண்டு வருசமா அந்தத் தேவாலயத்தடியிலைதான் எல்லாரையும் இறக்கிச் சாப்பாடு குடுக்கிறனான். போன மாசம் என்ரை மகளும் வந்தவள். அந்தப் பத்தைக்குள்ளை முழுக்க ஓடி ஒளிச்சு விளையாடினவள்."

மூத்தவர் அவர் தோளில் கை வைத்தார். இறங்கும்வரை எடுக்கவில்லை.