அக்கா பிடித்து நடந்த கயிறு

புதிதாக மேக்ரமே, அதாவது கயிற்றில் முடிச்சுப் போட்டுச் சுவர்த் தொங்கல், பின்னுகிறவர்கள் எல்லோரும் முதலில் கயிற்றைக் குறைவாகத்தான் வெட்டுவார்கள். சுவரில் ஒரு முழம் தொங்க வேண்டுமென்றால் நாலு முழம் வேண்டும். அதையும் இரண்டாக மடித்துக் குச்சியில் மாட்டுவதால் எட்டு முழமாக வெட்ட வேண்டும். கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது எட்டு முழம் என்பது சுத்த ஊதாரித்தனமாகத் தெரியும். நானும் கையை இறுக்கிக்கொண்டு வெட்டினேன். நாலு வரிசை முடிவதற்குள் கயிறு தீர்ந்துபோனது. அக்கா கட்டிலில் இருந்தபடியே அதைப் பார்த்துவிட்டு, "இது சுவருக்கா, இல்ல கடிகாரத்துக்குத் தாடி ஒட்டப் போறியா?" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து அதற்கு முன் பல வருடங்கள் ஆகியிருந்தன.

நீங்கள் உள்ளே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தீர்கள், அதனால் அவளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. மகன் வேறு ஊரில் இருக்கிறான், அவன் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். "கொஞ்ச நாள் சித்தி வீட்டுல இருக்கட்டும்" என்று கொண்டுவந்து விட்டான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பல் மருத்துவமனை வரவேற்பு வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. நோயாளியை என் தலையில் கட்டிவிட்டதாக எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். பரிதாபப்பட வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அவள் வருவதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. வேலையில் இருந்தவரை நாள் முழுக்க "அடுத்தது நீங்க, உள்ள போங்க" என்றாவது சொல்லிக்கொண்டிருப்பேன். பிறகு அதற்கும் வழியில்லை. சில நாள் தெருவில் யாரையாவது நிறுத்தி, எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கே வழி கேட்பேன். அவர்கள் கையை நீட்டி நீட்டிச் சொல்வார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவர்கள் காட்டிய பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வருவேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அக்கா வந்த பிறகு, கடைக்குப் போய்விட்டுக் கதவைத் திறந்தால், "எங்கடி போய்த் தொலைஞ்ச இவ்வளவு நேரம்?" என்று குரல் வரும். அதைக் கேட்பதற்காகவே சில நாள் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போவேன்.

மேக்ரமே யோசனை பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணுடையது. அக்காவின் இடது கைவிரல்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுப் பருத்திக் கயிறும் குச்சியும் கொண்டுவந்தாள். நான் போனில் வீடியோ பார்த்து முடிச்சுப் போடுவேன், அக்கா நடுக் கயிறுகளை விறைப்பாகப் பிடித்துக்கொள்வாள். கயிறு தீர்ந்த அந்த முதல் முயற்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு, தாராளமாக வெட்டி மறுபடி ஆரம்பித்தோம். அப்போதும் முதல் இரண்டு வரிசைகள் முறுக்கிக்கொண்டன. காரணம் சின்னதுதான். சதுர முடிச்சுக்கு ஒரு தடவை இடதிலிருந்து போட்டால் அடுத்த தடவை வலதிலிருந்து போட வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்திலிருந்து போட்டால் பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும், ஆனால் ஒழுங்காக உட்காராது. இரண்டு கயிறுகளை அப்படிச் சேர்த்துக் கட்டினால், பலமாக இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இது எனக்கு மூன்றாவது வரிசையிலேயே பிடிபட்டுவிட்டது.

தொங்கலை முடித்த சமயத்தில் அக்கா எழுந்து நிற்கவும் ஆரம்பித்திருந்தாள். பிசியோ பெண் கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு தடித்த கயிறு கட்டினாள். ஒரே கயிறு எட்டவில்லை என்று இரண்டை நடுவில் இணைத்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அக்கா நடந்து பழகினாள். நான் கூடவே நடப்பேன்.

அப்புறம் அவள் மகன் போன் செய்தான். "சித்தி, அம்மா யாரும் பிடிக்காம பாத்ரூம் வரைக்கும் நடந்துட்டா கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வந்துடறேன். உங்களுக்கும் ரொம்ப நாளா சிரமம்."

நல்ல பையன். என் சிரமத்தை அவனே முடிவு செய்துவிட்டான்.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பேரப்புள்ள வரப்போகுதுடி. உனக்கும் பாரம் குறையும்" என்றாள்.

"பாரம்னு நான் சொன்னேனா?"

"நீ எங்க சொல்லுவ? நீதான் எதையுமே வாய விட்டுச் சொன்னதில்லையே."

அது உண்மை. இப்போதுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்கிறீர்கள், சந்தோஷமாக இருக்கிறது. டீ ஆறிவிட்டால் சொல்லுங்கள், வேறு போட்டுத் தருகிறேன்.

கயிறு கைபட்டு அழுக்காகியிருந்தது. அதை அவிழ்த்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, சனிக்கிழமை காலை மறுபடி கட்டினேன். இரண்டு கோடிகளையும் நன்றாக இறுக்கினேன். நடு இணைப்பை மட்டும் இரண்டு முறையும் இடது பக்கத்திலிருந்தே போட்டு, நுனிகளைக் குட்டையாக விட்டேன். கையால் இழுத்துப் பார்த்தேன், தாங்கியது. கொஞ்சமாகப் பிடித்தால் தாங்கும், ஆள் சாய்ந்தால்தான் விடும். அக்கா விழ வேண்டும் என்று நினைக்கவில்லை, ஒரு தடவை பயந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பயந்தால் போகமாட்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் பயந்தால் என் பக்கத்தில்தான் வந்து படுப்பாள்.

"கயிறு சரியா இருக்காடி?" என்று கேட்டாள்.

"துவச்சுக் கட்டியிருக்கேன். நல்லா சாஞ்சு பிடிச்சுக்கோ."

"நீ போய்ப் பால வை. இன்னைக்கு ஒத்தையா நடந்து காட்டறேன் பாரு."

நான் போய்ப் பாலை வைத்தேன். சத்தம் கேட்டது. கட்டில் விளிம்பில் தலை மோதிய சத்தம் என்று அப்போது தெரியாது. என்னைக் கூப்பிட்டாள். பால் பொங்குகிற நேரம், பொங்கி அடங்கியதும் இறக்கி மூடி வைத்துவிட்டுப் போனேன். அதற்குள் கூப்பிடுவது நின்றிருந்தது.

எல்லோரும் எனக்காகப் பரிந்து பேசினார்கள். "சித்தி இப்பத்தான் முடிச்சே பழகறாங்க, தெரியாம கட்டிட்டாங்க" என்று அவள் மகன் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னான், பிறகு உங்களிடமும் சொல்லியிருப்பான். கத்துக்குட்டியின் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் உள்ளே மாட்டியிருக்கும் தொங்கலைப் பார்த்தீர்கள் அல்லவா? மேல் இரண்டு வரிசையை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே ஒரு முடிச்சாவது பிசகியிருந்தால் காட்டுங்கள். அதை முடித்த பிறகுதான் அக்காவின் கயிற்றைக் கட்டினேன். தெரிந்துதான் கட்டினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போவதானால், அதற்கு முன் அக்காவோடு இருக்க யாரையாவது ஏற்பாடு செய்துவிடுங்கள். அவளுக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை. இனி அவள் நடக்கமாட்டாளாம், பேச்சும் திரும்ப வராதாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மகனால் எப்படிப் பார்க்க முடியும்? இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். தலை வாரிவிடுகிறேன், நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் உள்ளே போனாலே அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள், நான் வெளியே வருகிறவரை திரும்பமாட்டாள். சும்மா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்றுதான் தொங்கலை அந்தப் பக்கம் மாட்டினேன். என்னோடு இருக்க இஷ்டம்தானே என்று அவளிடமே கேட்டும்விட்டேன், மேடம். அவள் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.