டயரின் உள்விளிம்பு

கார் வைத்திருப்பவர்கள் டயரை வெளிப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார்கள், சார். நின்றபடி ஒரு பார்வை, காலால் ஒரு உதை, அதோடு திருப்தி. பதினெட்டு வருடமாக வீல் அலைன்மென்ட் செய்கிறேன். குனிந்து உள்பக்கம் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் தங்கையின் கணவர் உதைத்துப் பார்க்கும் ரகம் இல்லை. மாப்பிள்ளை படித்தவர். டயரின் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அளக்க ஒரு சின்னக் கருவி வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தார். வாரம் தவறாமல் அளப்பார். எங்கே அளப்பார் என்கிறீர்கள்? வெளிப்பக்கப் பள்ளத்தில். அளந்துவிட்டு, நாடி பார்த்த வைத்தியர் மாதிரி தலையை வேறு ஆட்டிக்கொள்வார்.

அவர்தான் கம்பெனி போட்ட நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, குட்டை ஸ்பிரிங் மாட்டிக் காரைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். பார்க்க எடுப்பாக இருக்குமாம். எங்கள் பட்டறையில் அந்தக் காருக்குத் தவக்களை என்று பெயர் வைத்தார்கள். நான் சிரிக்கவில்லை. காரைத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், பாரமெல்லாம் டயரின் உள்விளிம்பில் இறங்கும், வெளியே புதிதாக இருக்கும்போதே உள்ளே தேய்ந்துபோகும், அதை நிமிர்த்த வேறு போல்ட் போட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். தங்கையும் கூட நின்றாள்.

"மச்சான், நீங்க திருகுறத மட்டும் திருகுங்க. யோசிக்கிறத நான் பாத்துக்கறேன்."

பட்டறை முழுக்கக் கேட்டது. தங்கை சிரித்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். புருஷன் பேசினால் சிரிக்கத்தானே வேண்டும்.

சரி, திருகினேன். முன்சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்க வேண்டும். நான் இரண்டையும் கொஞ்சம் வெளியே பார்க்க வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதால் ஸ்டியரிங் கோணாது. ஆனால் உள்விளிம்பு அரத்தில் வைத்துத் தேய்த்த மாதிரி கரையும். அலைன்மென்ட் மெஷின் திரையில், அளவு தப்பு என்று எண்கள் சிவப்பாக எரிந்தன. அதற்கு முன் வந்த வேறொருவர் காருக்கு எடுத்த அளவுத் தாள் மேசையில் கிடந்தது, எல்லாம் பச்சை. அதைக் கொடுத்தேன். அதன் மேலே வேறு வண்டியின் நம்பர் இருந்தது. மாப்பிள்ளை பச்சையைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் போன் செய்து, கையை விட்டாலும் வண்டி நேராகப் போகிறது என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். டயர் பாழாகி என்னிடம் வருவார், நான் காட்டுவேன், அவர் என் முன்னால் குனிந்து பார்ப்பார். என் ஆசை அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து, மலைக்குப் போகிறோம், ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று இரண்டு பேரும் வந்தார்கள். லிஃப்டில் ஏற்றினேன். இடது முன்டயரின் உள்பக்கம் ரப்பரே இல்லை. டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வெளியே வந்து விரலில் குத்தியது. மாப்பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கையசைத்தால் வந்திருப்பார். நான் கூப்பிட்டு அவர் வருவதா? அவராகக் கேட்கட்டும் என்று வண்டியை இறக்கினேன்.

அவர் கேட்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்துத் தானே அளந்தார். உங்கள் போல்ட் இல்லாமலே டயர் எப்படி இருக்கிறது பார்த்தீர்களா என்றார்.

"வெளிய புதுசு மாதிரியே இருக்கு மாப்ளே," என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது, சார்?

அவர் கை கழுவப் போனபோது, காரில் ஏறி உட்கார்ந்திருந்த தங்கை ஜன்னலை இறக்கினாள்.

"அண்ணா, டயரெல்லாம் சரிதானே?"

"அதான் உன் வீட்டுக்காரர் அளந்துட்டாரே."

"அவர் அளக்கறது கிடக்கட்டும். நீ சொல்லு."

"போயிட்டு வா," என்றேன்.

இறக்கத்தில், மூன்றாவது வளைவில் அந்த டயர் வெடித்தது. இடதுபக்கம் பாறையில் மோதியது. தங்கை உட்கார்ந்திருந்த பக்கம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு மணிக்கட்டில் ஒரு கட்டு, அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், அளந்துதானே எடுத்தேன், அளந்துதானே எடுத்தேன் என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். அந்த டயரை இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

திருகியது நான், தாளை மாற்றிக் கொடுத்தது நான், கம்பியைப் பார்த்துவிட்டு வண்டியை இறக்கியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தங்கைக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள்மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று பட்டறையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்றைக்கு அவள் சீட் பெல்ட் போட மறந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, நான்தான் இழுத்து மாட்டிவிட்டேன்.