அருவிக்கரையில் கேமரா ஸ்டாண்டை உடைத்தது குறித்து

என் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் முதல் தாளில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்து மூன்று. மருத்துவமனை அறுவை சிகிச்சை அரங்கில் பத்தொன்பது வருடமாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். கணவரும் பள்ளியில் படிக்கும் இரண்டு மகள்களும் ஊரில் இருக்கிறார்கள். தற்போது தங்கியிருப்பது பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள பயணியர் விடுதி, இரண்டாம் மாடி, எட்டுக் கட்டில் அறை, ஜன்னலோர மேல் கட்டில். என் மீது கொடுக்கப்பட்ட புகாரை மொழிபெயர்ப்பாளர் தமிழில் வாசித்துக் காட்டினார். அதன் பேரில் நான் சொல்வதாவது:

மூன்று வருடமாக எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்பில் நான்கு வாரம் எடுத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தேன். தனியாக நான் செய்யும் முதல் பயணம் இது. "இந்த வயசுல முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போறாளாம்" என்று நாத்தனார் சொன்னதும் உண்மை, "நீ போயிட்டு வா, நாங்க ஒண்ணும் பட்டினி கிடந்து சாக மாட்டோம்" என்று கணவர் சொன்னதும் உண்மை.

புகார் கொடுத்தவர் முப்பது வயதுக்காரர். முதுகுப்பையோடு தனியாகப் பயணம் போகும் தமிழ்க்காரர்களுக்காகப் போனில் ஒரு குழு நடத்துகிறார், பயணங்களை வீடியோ எடுத்துப் போடுகிறார். அவரை நாங்கள் டைரக்டர் என்று கூப்பிடுவோம். அந்தக் குழு மூலம் நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் சேர்ந்தோம். மற்ற இருவரில் ஒருவர் அறுபத்தொரு வயதான, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவரை டிரைவர் அண்ணன் என்போம். இன்னொருத்தி சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் இருபத்து மூன்று வயதுப் பெண். அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது டிரைவர் அண்ணன். எனக்குக் கீழ்க் கட்டில் அவளுடையது.

முதல் பதினோரு நாளும் நல்லபடியாகவே போயின என்பதைச் சொல்லியாக வேண்டும். பொதுச் சமையலறையில் டிரைவர் அண்ணன் நால்வருக்கும் காபி போடுவார். குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று வக்கீல் விடுதி மேலாளரிடம் ஒரு சட்டப்பிரிவைச் சொல்லி வாதாடினாள். அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது, ஆனால் மறுநாள் வெந்நீர் வந்தது. டைரக்டரும் வழி கேட்பது, பஸ் பார்ப்பது எல்லாவற்றிலும் உதவியாகத்தான் இருந்தார். அந்த நாட்களில் நான் சிரித்த அளவுக்கு ஊரில் சிரித்து வருடக்கணக்காகிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு அவர் மீது முன்விரோதம் இருந்ததாகப் புகாரில் எழுதியிருக்கிறது. அப்படி எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள், அதாவது இந்த மாதம் ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு, "இன்னைக்கு ஒரு நாள் போன் இல்லாம இருந்து பாக்கலாம், வீடியோவுக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லி டைரக்டர் எங்கள் மூவரின் போனையும் வாங்கி விடுதி லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தன் போனை மட்டும் படம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் பஸ் ஏறி, இறங்கி, காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்து அருவிக்குப் போனோம். அருவிக்கு மேலே தட்டையான ஒரு பாறை உண்டு. அதற்குப் போகும் வழியில் சங்கிலி கட்டி, குதிக்கும் மனிதனின் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை தொங்கியது. அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை.

டைரக்டர் சங்கிலியைத் தாண்டிப் போய், வக்கீலைப் பாறையிலிருந்து குதிக்கச் சொன்னார். டிரைவர் அண்ணன் "எவ்வளவு ஆழம்னு தெரியாம எறங்கக் கூடாதுப்பா" என்றார். அதற்கு டைரக்டர், "நேத்தே தனியா வந்து பாத்துட்டேன் அண்ணே, ரெண்டு ஆள் ஆழம்" என்றார். முந்தின நாள் முழுக்க அவர் வயிற்றுப்போக்கில் அறையிலேயே படுத்துக் கிடந்தது எனக்குத் தெரியும், உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தவள் நான்தான். அதை அங்கேயே சொன்னேன். "மாமியார் ஆரம்பிச்சிட்டாங்க" என்று போனைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார். நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வக்கீல் தயங்கி நின்றாள். "கோர்ட்ல எப்படிம்மா பேசப் போற, இதுக்கே இப்படி நடுங்குற" என்று அவர் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆனாலும் அவள் குதித்தாள்.

விழுந்த சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. எலும்பு முறிவது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீருக்குள் பாறை இருந்திருக்கிறது. அவள் மேலே வந்து ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டாள், கத்தவில்லை, முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதன் பிறகு நானும் டிரைவர் அண்ணனும் பக்கவாட்டில் இறங்கி, அவர் அவளை அக்குளில் தாங்க, நான் காலைப் பிடித்துக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்தோம். வலது தொடையெலும்பு முறிந்து தொடை வீங்கிக்கொண்டே வந்தது. தோல் கிழியவில்லை. கிழியாவிட்டாலும் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கி ஆள் போய்விடலாம். நாடி மிக வேகமாக இருந்தது.

டைரக்டரிடம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னேன். "ஒரு நிமிஷம்க்கா, லைவ் போயிட்டிருக்கு, இதுவரைக்கும் இவ்வளவு பேர் பாத்ததே இல்ல" என்று பதில் சொன்னார். வேறு போன் எங்களிடம் இல்லை. இரண்டாம் முறை கேட்டேன், கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. போனை அவர் கையிலிருந்து பிடுங்கி, நேரலையை நிறுத்தி, அவசர எண்ணுக்கு அழைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இடத்தைச் சொன்னேன். பிடுங்கும்போது அவர் என் மணிக்கட்டைத் திருகினார். அந்த வீக்கத்தை இங்கே பெண் காவலர் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு காலை அசையாமல் கட்ட நீளமாக ஏதாவது வேண்டியிருந்தது. சுற்றிலும் கிடந்த கிளைகள் எல்லாம் ஊறிப்போய் மட்கியிருந்தன. டைரக்டரின் கேமரா ஸ்டாண்ட் நேராகவும் உறுதியாகவும் இருந்தது. அதன் தலையைக் கல்லில் அடித்து உடைத்து, மூன்று கால்களையும் தனித்தனியாகப் பிய்த்து, என் துண்டைச் சுற்றி, அவருடைய பையின் வார்களைக் கத்தியால் அறுத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டினேன். உடைத்தது நான்தான். அறுத்ததும் நான்தான். மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடி உடைப்பேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அறைந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். போன் பேசி முடித்ததும் நான் அதைப் பாறை மேல் வைத்துவிட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். டைரக்டர் அதை எடுத்து, குனிந்து, வக்கீலின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, "இப்ப எப்படி இருக்கு, ரெண்டு வார்த்தை சொல்லு" என்றார். அவள் "எடுக்காதீங்கண்ணா" என்றாள். அண்ணா என்றுதான் சொன்னாள். அவர் போனை இறக்கவில்லை. எழுந்து ஒரு அறை விட்டேன். புகாரில் பலமுறை தாக்கியதாக இருக்கிறது. ஒன்றுதான். இரண்டாவதுக்கு எனக்கு நேரம் இல்லை, நாடி பார்க்க வேண்டியிருந்தது.

நாற்பது நிமிடத்தில் மீட்புக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் நான் போட்ட கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவிழ்க்காமல் அப்படியே தூக்கச் சொன்னார். அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். கால் பிழைத்தது, ஆள் பிழைத்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை இணைத்திருக்கிறேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் டைரக்டர் "என் தோழியைக் காப்பாற்றிய நாள்" என்று ஒரு வீடியோ போட்டார். அதில் சங்கிலியும் இல்லை, பலகையும் இல்லை, டிரைவர் அண்ணனும் இல்லை. அவளைக் குதிக்கத் தூண்டியது நான் என்றும், பிறகு பயத்தில் எனக்குப் புத்தி பேதலித்து அவரைத் தாக்கியதாகவும் அதில் பேசியிருக்கிறார். இந்தப் புகாரும் அதையேதான் சொல்கிறது. அந்தப் பெண் படுக்கையில் இருந்தபடி, யார் என்ன சொன்னார்கள் என்று தன் கையால் நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறாள். டிரைவர் அண்ணன் வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார், அவரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

இன்று காலை அதிகாரி, நான் கேமரா முன்னால் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெற டைரக்டர் தயார் என்றும், நாளை மறுநாள் என் விமானம் என்பதையும் எடுத்துச் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னார் என்று ஏற்றுக்கொள்கிறேன். என் பதில், கேட்க மாட்டேன். விமானம் போனால் போகட்டும்.

ஒன்று மட்டும் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வக்கீலின் அம்மா ஒரு தையல் தொழிற்கூடத்தில் வேலை பார்க்கிறார். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து மகளை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குதித்ததைப் பார்த்தார், கரைக்குக் கொண்டுவந்ததைப் பார்த்தார், என் கை குறுக்கே வந்ததைப் பார்த்தார், அதோடு படம் நின்றுவிட்டது. லாக்கரில் கிடந்த மகளின் போனுக்கு நாற்பத்தேழு முறை அழைத்திருக்கிறார். மறுநாள் என்னோடு பேசியபோது திட்டவில்லை. "உயிரோட இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா, நாலு மணி நேரம் நான் பொணமா உக்காந்திருந்தேன்" என்றார். அந்தப் போன் என் கையில் இருந்தது. நம்பரை அவளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நினைவோடுதான் இருந்தாள். எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அழுது கேட்டேன். இந்த விஷயத்தில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் ஒருவர்தான், அவரிடம் கேட்டாகிவிட்டது.

நான் தமிழில் சொன்னதை எழுதி எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். "ஆத்திரத்தில் அறைந்துவிட்டேன்" என்று எழுதியிருந்ததை "அறைந்தேன்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றபடி ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை, அனைத்தும் நடந்தது நடந்தபடியே. யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன். வலது மணிக்கட்டு வீங்கியிருப்பதால் இடது கையால் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)